மாமாவின் 1966 பீட்டில்: சேஸிஸ் நம்பர் எங்கே இருக்கும்? பழைய எம்எஸ் நம்பரிலேயே பதிவு செய்ய முடியுமா?

ராமமூர்த்திநகர்வாசி:

வணக்கம். என் தாய்மாமா போன தீபாவளிக்கு முன்னால் தவறிவிட்டார். ஐடிஐ-யில் (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு பெங்களூர் காக்ஸ் டவுனில், பிள்ளைகள் இல்லை. அவருடைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை நீதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். சின்ன வயதில் அதன் பின் சீட்டில் உட்கார்ந்து ஓசூர் வழியாக கிருஷ்ணகிரிக்குப் போனவன் நான், அதனால் விற்கிற பேச்சே இல்லை. மாமா இதை 1971-ல் மதராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். எம்எஸ் என்று தொடங்கும் மதராஸ் நம்பர். 1974-ல் இங்கே வேலை கிடைத்து வந்தபோது வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்தவர், கர்நாடக நம்பருக்கு மாற்றவே இல்லை.

ஆர்.சி. புத்தகம் கையால் எழுதியது, ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. முதல் பதிவு 1966. சேஸிஸ் நம்பர் 116 என்று தொடங்கி மொத்தம் 9 இலக்கம். என்ஜின் நம்பர் எஃப் என்ற எழுத்தில் தொடங்குகிறது. கடைசியாகப் புதுப்பித்தது 1996-ல். இப்போது வண்டியில் பார்த்தால், முன்னால் ஸ்டெப்னிக்குப் பின்னால் சேஸிஸ் நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் இருக்கிறது. என்ஜினில் எஃப் இல்லை, டி என்ற எழுத்தில் தொடங்கும் வேறு நம்பர்.

ஒரு ஏஜென்ட் வந்து பார்த்தார். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து இருக்க வேண்டும், உங்கள் புத்தகத்தில் 9தான், அதுவே தப்பு, வண்டியிலும் நம்பர் இல்லை, 35 ஆயிரம் கொடுத்தால் எங்காவது ஓர் இடத்தில் நாங்களே பஞ்ச் அடித்து முடித்துத் தருகிறோம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு பக்கம் டிங்கரிங் கடைக்காரர் இந்த மாதமே வண்டியைக் கொண்டுவாருங்கள், உரித்து ப்ரைமர் அடித்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறார். உண்மையான நம்பர் எங்கே இருக்கும்? மாமாவின் எம்எஸ் நம்பரைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜேசிரோடு பழையகை:

தம்பி, முதலில் டிங்கரிங் கடைக்காரரிடம் நிறுத்தச் சொல்லுங்கள். நம்பரைக் கண்டுபிடித்து, பிரிண்ட் எடுத்து, போட்டோ எடுத்த பிறகுதான் அந்த வண்டி மேல் ஒரு உப்புத்தாள்கூடப் படலாம். ஏஜென்டைத் திரும்ப வீட்டுப் பக்கம் வரவே விடாதீர்கள்.

17 எழுத்து என்பது 1981 மாடல் ஆண்டிலிருந்து வந்த முறை. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி நம்பர் போட்டது. ஃபோக்ஸ்வேகன் 1965 மாடலில் 9 இலக்க முறைக்கு மாறியது. முதல் இரண்டு இலக்கம் 11, அதாவது டைப் 1 செடான், நம் பீட்டில். மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு, உங்களுடையதில் 6, ஆக 1966 மாடல். அவர்களுக்கு மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும் என்பதால், 1965 ஆகஸ்டுக்கும் 1966 ஜூலைக்கும் நடுவில் செய்த வண்டி. 1966-ல் பதிவாகியிருப்பது அதோடு சரியாகப் பொருந்துகிறது. எனவே உங்கள் புத்தகம் தப்பே இல்லை.

சரி, நம்பர் எங்கே என்று சொல்கிறேன். பின் சீட்டின் அடி மெத்தையைத் தூக்குங்கள். தூக்குவதற்கு முன்னால் ஒன்று, வலது பக்கம் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டால் ஷார்ட் ஆகி சீட்டு தீப்பிடிக்கும், பீட்டிலில் இது நிஜமாகவே நடக்கிற விபத்து. அதனால் மெத்தையை மெதுவாக முன்னால் இழுத்து வெளியே எடுத்துவிட்டு, முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகு நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் டனலைப் பாருங்கள். கியர் ராடு இணைப்பைச் சரிபார்க்க ஒரு சின்ன மூடி ஸ்க்ரூவில் இருக்கும், அதன் பக்கத்தில் டனலின் மேல் முகத்திலேயே நம்பரை அடித்திருப்பார்கள்.

தாரும் பெயிண்டும் பழைய பசையும் மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. கிரைண்டர், கம்பி வீல், எமரி எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் போட்டு அரை மணி ஊறவிடுங்கள், மூங்கில் சிம்பாலோ பிளாஸ்டிக் துண்டாலோ வழியுங்கள், கடைசியில் பித்தளை பிரஷ். அப்புறம் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து எழும்பி வரும். பென்சில் பிரிண்டுக்கு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தின் மேல் பென்சிலைத் தேய்த்துவிட்டு அகலமான செல்லோ டேப் ஒட்டி உரிக்கலாம்.

முன்னால் இருந்த பிளேட் போனது பெரிய நஷ்டம் இல்லை. பீட்டிலில் பாடி தனி, கீழே தரைத்தட்டு தனி, இரண்டையும் போல்ட்டால் பிணைத்திருக்கிறார்கள். முன் பிளேட் பாடியோடு போவது. டனலில் இருப்பதுதான் சேஸிஸ். மாமா எப்போதாவது முன்பக்கம் இடித்து பேனல் மாற்றியிருந்தால் அப்போதே பிளேட் போயிருக்கும்.

என்ஜின் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நம்பர் டைனமோ உட்காரும் பீடத்துக்குக் கீழே என்ஜின் கேஸில், அதாவது வெளிக்கூட்டில் இருக்கும், நீங்கள் பார்த்தது சரியான இடம்தான். எஃப் என்றால் 1300, அதாவது 1285 சிசி. டி என்றால் 1200, அதாவது 1192 சிசி. எச் இருந்தால் 1500. ஆக யாரோ உங்கள் வண்டியில் சின்ன என்ஜினை மாட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிடைத்ததை மாட்டி ஓட்டினார்கள், மாமாவைக் குறை சொல்ல முடியாது. பழைய என்ஜின் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று அத்தையிடம் கேளுங்கள். இந்த மனிதர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

கோலார்ஜீப்:

மேலே அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்கள். பெயிண்ட் கடைக்கு முதலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்துவிட்டேன். என்னுடையது இரண்டாம் உலகப்போர் காலத்து ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப். அதில் நம்பர் ஃப்ரேமின் இடது பக்க நீளச் சட்டத்தின் மேல் முகத்தில், முன்பக்கம் இருக்கும், ரொம்ப ஆழமில்லாத பஞ்ச். நான் ஒரு பட்டறையில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். அவர்கள் ஃப்ரேமை மணல் வீசித் துடைத்து, மேடுபள்ளம் என்று நினைத்து நம்பர் மேலேயே புட்டி போட்டு, கறுப்பு பெயிண்டும் அடித்துவிட்டார்கள். ஆர்டிஓ இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, கிளம்பிவிட்டார். அந்த நம்பரைத் திரும்பக் கண்ணுக்குக் கொண்டுவந்து அவரைத் திரும்ப வரவழைக்க எனக்கு 7 மாதம் ஆனது. உரிக்கும் முன் எடுத்த ஒரே ஒரு போட்டோ போனில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது.

புதிதாகப் பஞ்ச் அடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்பில் எழுத்தை அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை, அதற்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே தேய்த்து வழவழப்பாக்கினாலும் அடியில் அந்த இறுக்கம் இருக்கும். அமில மருந்து தடவினால் இறுகிய இடமும் மற்ற இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு பழைய எழுத்து தெரிந்துவிடும். மடிவாளாவில் இருக்கிற மாதிரி தடயவியல் ஆய்வகங்களில் திருட்டு வண்டி வழக்குகளுக்கு இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஏஜென்ட் அடித்துத் தரும் நம்பர் இன்றைக்கு பாஸ் ஆனாலும் என்றைக்காவது ஒருவர் கிளறினால், மாமாவின் நல்ல வண்டி திருட்டு வண்டி வரிசையில் போய் நிற்கும். உண்மையிலேயே துருவில் நம்பர் அழிந்துபோயிருந்தால் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, அவர்கள் உத்தரவோடு, அவர்கள் கண் முன்னால்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

மைனர்மகள்:

தம்பி, அப்பாவின் மாரிஸ் மைனரை இங்கே பெங்களூரில் என் பெயருக்கு மாற்றினேன், அதனால் காகித வேலை எனக்குக் கொஞ்சம் பழக்கம். (மைனரில் நம்பர் தகடு என்ஜினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரில் கண்ணெதிரே இருக்கும், உங்களைப் போல் சீட்டைக் கழற்ற வேண்டியதில்லை.)

உங்கள் மாமா இறந்துவிட்டதால் வண்டி நேராக உங்கள் பெயருக்கு வராது. முதல் வாரிசு அத்தை. உரிமையாளர் இறந்தால் படிவம் 31, அதற்கு இறப்புச் சான்று, அத்தையின் அடையாளம், வாரிசு என்பதற்கு நாடகச்சேரியில் (இங்கத்து வருவாய்த் துறை அலுவலகம்) வாங்கும் வம்ச விருட்சம், அதாவது குடும்ப உறுப்பினர் சான்று. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டியது, உங்களுக்குத் தாண்டிவிட்டது, அபராதம் கட்டினால் போதும், அதை நினைத்துப் பயந்து இன்னும் தள்ளிப்போடாதீர்கள். அத்தை பெயருக்கு வந்த பிறகு படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு மாற்றலாம்.

எம்எஸ் நம்பரைப் பற்றி. சாதாரண வழியில் போனால் அது போய்விடும். வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கத்து நம்பர் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வண்டி 1974 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டி, சேஸிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்குத்தான் மாநில எழுத்துக்குப் பின்னால் விஏ என்று வரும் நம்பர். படிவம் 20, இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி., வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் சுங்கக் காகிதமும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பிறகு மறுபதிவுக்கு 5,000. சான்று 10 ஆண்டுக்குச் செல்லும்.

இதில் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். இந்த விதியில் பதிந்தால் வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, அங்கே போய் வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான். நீங்கள் கிருஷ்ணகிரி பயணத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததால்தான் சொல்கிறேன். அத்தையை உட்காரவைத்து நினைத்தபோது ஊருக்குப் போக வேண்டும் என்றால் கேஏ நம்பர் வழி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, புதுப்பித்தல். நம்பர் வேண்டுமா, ஓட்டம் வேண்டுமா என்று முடிவு செய்த பிறகு விண்ணப்பம் போடுங்கள். நான் நம்பரை விட்டேன். வாரம் ஒரு முறையாவது ஓடாத வண்டி என் கண் முன்னாலேயே செத்துப்போவதை என்னால் பார்க்க முடியாது.

ராமமூர்த்திநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. சீட்டை எடுத்தால் அடியில் பேட்டரி பக்கம் தரை துருப்பிடித்துப்போய் விரல் போகிற ஓட்டை, ஆனால் டனல் நன்றாகவே இருக்கிறது. மண்ணெண்ணெயில் மூன்று முறை ஊறவைத்து வழித்ததில் தாருக்கு அடியிலிருந்து நம்பர் முழுசாக வந்தது. சாக்பீஸ் தேய்த்து அந்த 116 எழும்பி வந்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் ஒரு சிக்கல். 9 இலக்கத்தில் 8 ஒத்துப்போகிறது. நான்காவது இலக்கம் புத்தகத்தில் 3, டனலில் 8. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், டனலில் சந்தேகமே இல்லாமல் 8தான்.

என்ஜின் விஷயத்தில் பழையகை அண்ணன் சொன்னது அப்படியே பலித்தது. பின்கட்டு ஸ்டோர் ரூமில் சாக்குப் போட்டு மூடி எஃப் நம்பர் கேஸ் இருக்கிறது, புத்தகத்தில் இருக்கும் அதே நம்பர். 1987 வாக்கில் ஊரிலிருந்து வரும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டது, மூன்றாவது சிலிண்டர் என்று மெக்கானிக் சொன்னார் என்று அத்தைக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது இந்த 3-க்கும் 8-க்கும் என்ன செய்வது?

ஜேசிரோடு பழையகை:

மூன்றாவது சிலிண்டரா, சரிதான். அந்த என்ஜினில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும், சூடு தாங்காமல் அதன் எக்ஸாஸ்ட் வால்வ்தான் முதலில் எரியும். கேஸ் விரிசல் இல்லாமல் இருந்தால் சிலிண்டர், பிஸ்டன், ஹெட் எல்லாம் புதிதாகப் போட்டு அதையே திரும்ப மாட்டலாம், நம்பர் கேஸில்தானே இருக்கிறது. எப்படிப் பதிந்தாலும் அதைச் செய்யுங்கள். என்ஜின் மாற்றினால் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 52-ஆவது பிரிவில் இருக்கிறது, 1987-ல் யாரும் சொல்லவில்லை. அசல் என்ஜின் திரும்ப உட்கார்ந்துவிட்டால் புத்தகமும் வண்டியும் ஒன்றாகிவிடும்.

3-க்கும் 8-க்கும் இரண்டு வேலை. முதலில் வீட்டில் இருக்கும் பழைய இன்ஷூரன்ஸ் காகிதங்களைத் தேடுங்கள், அவற்றில் சேஸிஸ் நம்பர் இருக்கும். புத்தகத்தில் மற்ற இடங்களில் அதே எழுத்தர் 3-ஐ எப்படி எழுதியிருக்கிறார் என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். 8-ன் இடது பக்கம் மை மங்கினால் 3 மாதிரியே தெரியும். இரண்டாவது, ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க்கில் இருக்கும் ஃபோக்ஸ்வேகன் மியூசியத்துக்கு எழுதுங்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த வண்டி என்றைக்குச் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று பிறப்புச் சான்று மாதிரி கொடுப்பார்கள். 8 உள்ள நம்பரைக் கொடுத்து வாங்குங்கள். மாமா வண்டியின் கதவு இடுக்கில் இருக்கும் அசல் நிறத்தோடு அது ஒத்துப்போனால் அதிகாரி முன்னால் வைக்க நல்ல காகிதம். எக்காரணம் கொண்டும் புத்தகத்தில் பேனாவை வைக்காதீர்கள்.

மைனர்மகள்:

புத்தகத்தைவிட அலுவலகப் பதிவேடு பெரியது. நம் பெங்களூரில் பி எக்ஸ்ட்ராக்ட் என்று கேட்கிறோமே, அதே மாதிரி சென்னையில் உங்கள் நம்பரின் பதிவேடு இருக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவேட்டு நகல் வாங்குங்கள். அங்கே 8 என்று இருந்தால் புத்தகத்தில் மட்டும்தான் பிழை, திருத்தம் சுலபம். அங்கேயும் 3 என்று இருந்தால் பென்சில் பிரிண்ட், இன்ஷூரன்ஸ், ஜெர்மனி சான்று எல்லாவற்றையும் வைத்து வண்டியை நேரில் பார்வையிட்டுத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திருத்தம் முடிந்த பிறகே படிவம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) கேளுங்கள். 1966 புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியே இருக்காது, பேக்லாக் என்ட்ரி (விட்டுப்போன பழைய பதிவைச் சேர்ப்பது) போட்டு, வண்டிப் பதிவுகள் இருக்கும் வாகன் இணையதளத்தில் ஏற்றுவார்கள். தப்பான நம்பர் அதில் ஏறிவிட்டால் அப்புறம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நீங்கள் அலைய வேண்டிவரும். ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ராமமூர்த்திநகர்வாசி:

டிரங்குப் பெட்டியில் 1983 இன்ஷூரன்ஸ் சான்று ஒன்று கிடைத்தது. டைப் அடித்தது. அதில் 8! என்ஜின் நம்பரும் எஃப் நம்பர்தான். லேமினேட் செய்யலாமா என்று தம்பி கேட்டான், வேண்டாம் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

வரும் செவ்வாய் காலை ரயிலில் சென்னை போகிறேன், பதிவேட்டு நகலுக்கு. நான்கு பென்சில் பிரிண்ட் எடுத்துவைத்திருக்கிறேன், டனல் போட்டோ பத்து. நம்பரா ஓட்டமா என்று அத்தையிடமே கேட்டேன். "நீ அந்த நம்பரோட வச்சுக்கோ, என்னை ஊருக்கு பஸ்ல கூட்டிட்டுப் போ" என்றார். அதனால் விண்டேஜ் வழிதான். அதற்குள் தரை ஓட்டையை மட்டும் அடைக்கச் சொல்லலாமா, அல்லது வண்டியை அப்படியே விட்டுவிடட்டுமா?

ஜேசிரோடு பழையகை:

பேட்டரித் தட்டு மட்டும் வெட்டி வெல்டிங் செய்யலாம், டனலைத் தொடாமல். வெல்டிங் நடக்கும்போது நம்பர் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் நம்பர் மேல் கிரீஸ் ஒரு பூச்சு, பெயிண்ட் வேண்டாம். பேட்டரிக்கு மேல் ஒரு ரப்பர் ஷீட் வெட்டிப் போடுங்கள், 6 வோல்ட்தான் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், அதன் மேல்தான் அத்தை உட்காருவார்.